இரண்டாம் முறை மெதுவாக அழுத்தினேன்

நான் பல் மருத்துவர். பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் நல்ல கடைவாய்ப்பற்கள் நான்கை ராவியிருக்கிறேன். அவற்றில் சொத்தை இல்லை, வலி இல்லை. அவள் 400 மீட்டர் ஓடுபவள். ஓடும்போது இடது தோள் இறங்குகிறது என்று அப்பா அழைத்து வந்தார். பஸ் கண்டக்டர்.

சில வாரங்களுக்கு முன்புதான் நான் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். கடி சரியில்லாவிட்டால் கழுத்து சாயும், பிறகு இடுப்பும் சாயும் என்றார்கள். ஊரில் வேறு எந்த டாக்டருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற கர்வம் வந்துவிட்டது.

அவளைக் கையை நீட்டி நிற்கச் சொன்னேன். மணிக்கட்டில் அழுத்தினேன். கை இறங்கியது. பற்களுக்கு நடுவே பஞ்சு வைத்துக் கடிக்கச் சொல்லி மறுபடி அழுத்தினேன். கை அசையவில்லை. "பாத்தீங்களா?" என்றேன். அப்பா கும்பிட்டார்.

இரண்டாம் முறை நான் மெதுவாகத்தான் அழுத்தினேன். என் விரல்களுக்கு அது அப்போதே தெரியும். நான் கையை எடுத்துக்கொண்டேன், பேச்சை மாற்றினேன்.

பல்லை இறுகக் கடித்தால் காலின் அனிச்சைச் செயல் கூடும். உண்மைதான். யெண்ட்ராசிக் என்ற ஹங்கேரி மருத்துவர் 1880களில் விவரித்த உத்தியின் ஒரு வகை அது. முதலாண்டு உடலியங்கியலில் படித்தேன். ஆனால் அது கடிக்கிற சில நொடிகளுக்கு மட்டும். பல்லை ராவினால் ஓட்டம் நேராகும் என்பதற்கு அதில் ஆதாரம் கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும்.

"டாக்டர், இடது முழங்காலுக்குக் கீழ வலிக்குது" என்றாள். "கடி சரியானா அதுவும் போயிடும்மா" என்றேன். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நான்கு மாதம் அந்த வலியோடு ஓடினாள். கீழ்க்கால் எலும்பில் விரிசல். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் டேப் வைத்து அளந்தார். வலது கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை. மாநிலத் தடகளத் தேர்வுக்கு அவள் போகவில்லை. இன்றும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்தப் பற்கள் கூசுகின்றன. எனாமல் திரும்ப வளராது.

அப்பா மூன்று முறை போன் செய்தார். புகார் கொடுப்பாரோ என்று பயந்து எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் அவர்கள் வீட்டுக்குப் போய், மணிக்கட்டில் நான் செய்ததைச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அவள் மட்டும் கேட்டாள்: "அப்பவே தெரியுமா டாக்டர்?"

தெரியும் என்றேன்.