டயர் போச்சு, மேளம் இருக்கு... எங்க தெரு போகி மாறின கதை!

சென்னையில் வளர்ந்தவர்களிடம் போகி பற்றிக் கேட்டால் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று, விடியற்காலை மேளச் சத்தம். இன்னொன்று, டயர் எரியும் நாற்றம். பெரம்பூரில் ஒரு குறுகலான தெருவில் வளர்ந்த எனக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. என் தம்பியின் இருமல்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மார்கழிப் பனியே ஆகாது. மார்கழியின் கடைசி நாளான போகிக்கு, முந்தைய ராத்திரியே அம்மா ஜன்னல்களைச் சாத்தி, கதவு இடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிடுவார். அப்படியும் புகை உள்ளே வந்துவிடும். மற்ற பிள்ளைகள் தெருவில் மேளம் தட்ட, இவன் கட்டிலில் உட்கார்ந்து தன் மேளத்தை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பான். இரண்டு வருடம், போகி காலை ஆஸ்பத்திரியில் நெபுலைசரோடுதான் விடிந்தது.

எங்கள் ஆயா செய்யாறு பக்கத்து கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகி சென்னைக்கு வந்தவர். "எங்க ஊர்லயும்தான் கொளுத்துவோம். இப்படியா மூச்சு முட்டும்?" என்பார். அங்கே என்ன எரிப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"கூரையில பிரிச்ச மக்கிப்போன ஓலை, கிழிஞ்ச கோரப்பாய், தேஞ்ச தொடப்பம், பிஞ்ச மொறம்... எல்லாம் மண்ணுல வெளஞ்சது. சாம்பலை அள்ளி எருக்குழியில கொட்டிடுவோம்."

அந்தப் பதிலில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஊரில் அறுவடை முடிந்து புது வைக்கோல் வீட்டுக்கு வரும் நேரம் அது. கூரை மாற்றுவார்கள், வீட்டைச் சுத்தம் செய்வார்கள். கழிக்க வேண்டியதெல்லாம் எரித்தால் சாம்பலாகி மண்ணுக்கே போய்விடும். நகரத்துக்கு வந்தவர்கள் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஓலையும் முறமும் கூட வரவில்லை. கான்கிரீட் வீட்டில் கழித்துப்போட இருப்பது பிளாஸ்டிக் பாய், நைலான் புடவை, ரெக்ஸின் கிழிந்த சோபா. நெருப்பு ரொம்ப நேரம் நிற்க, மெக்கானிக் கடையிலிருந்து இரண்டு டயர்.

டயர் புகையில் கரி மட்டுமல்ல, கந்தக டை ஆக்ஸைடும் கார்பன் மோனாக்ஸைடும் இருக்கின்றன. ஜனவரி விடியற்காலையில் குளிர்ந்த காற்று அசையாமல் தரையோடு கிடக்கும். புகை மேலே போக வழியில்லாமல் பனியோடு கலந்து, நம் மூக்கு உயரத்திலேயே நிற்கும். 2018 ஜனவரி 13 போகியன்று இந்தப் புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகின. தரையிறங்க வந்த சில விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

இப்போது டிஜிட்டல் டெஸ்க்கில் போகி காலை ஷிஃப்ட் பெரும்பாலும் எனக்குத்தான். எங்கே எவ்வளவு காற்று மாசு என்று பார்த்து அப்டேட் போடுவது வேலை. பி.எம் 2.5 என்கிற நுண்துகள், 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தன் வரம்பை 15 ஆகக் குறைத்துவிட்டது. எண்களைப் பதிவிடும்போதெல்லாம் கதவு இடுக்கில் அம்மா செருகிய ஈரத்துணிதான் ஞாபகத்துக்கு வரும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் வேண்டுகோள் விடுக்கிறது. எங்கள் தெருவில் வேலைக்கு ஆனது ஆயாவின் பேச்சு. பையன்களிடம் போய், "தீ மூட்ட வேணாம்னு சொல்லலடா. டயரை மட்டும் போடாதீங்க. எம் பேரனும் உங்க கூட நின்னு தட்டணும்ல?" என்றார். முதல் வருடம் பாதிப் பேர்தான் கேட்டார்கள். அடுத்த வருடம் மெக்கானிக் கடைக்காரரிடமே போய் டயர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். சில ஆண்டுகளாக மாநகராட்சியும் போகிக்கு முன்பே பழைய துணி, டயர் போன்றவற்றைத் தனியாக வாங்கிக்கொள்வதால் எல்லோருக்கும் சுலபமாகிவிட்டது.

இப்போது தெருமுனையில் ஒரே ஒரு சின்ன நெருப்பு. காய்ந்த தென்னை மட்டை, ஒரு கோரைப்பாய், ஒரு துடைப்பம். கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். "இதெல்லாம் ஒரு போகியா?" என்று எதிர்வீட்டுத் தாத்தா சலித்துக்கொள்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வருடத்தில் ஒருநாள், இருட்டில், தெருவே ஒரு நெருப்பைச் சுற்றி நின்று பேசிய நேரம் அது. தீ சின்னதானதும் அந்தக் கூட்டமும் சின்னதாகிவிட்டது. மூன்று வீடுகளை இடித்துக் கட்டிய அப்பார்ட்மென்ட்டிலிருந்து யாரும் கீழே இறங்கி வருவதில்லை.

ஆனால் மேளம் நிற்கவில்லை. தம்பி இப்போது காலேஜ் படிக்கிறான். பாக்கெட்டில் இன்ஹேலரோடு, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் முதலில் இறங்குவது அவன்தான். மடியில் வைத்துத் தட்டிய வருடங்களுக்கெல்லாம் சேர்த்துத் தட்டுகிறான் என்று அம்மா சிரிப்பார்.

உங்கள் தெருவிலும் வீசிங் உள்ள ஒரு குழந்தையோ, மூச்சு வாங்கும் ஒரு பெரியவரோ ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் குப்பை வண்டியில் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பாயைக் கொளுத்துங்கள். போகி போகியாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு அடுத்த பஞ்சாயத்து ரெடி. ஐந்து மணிக்கு முன்னால் மேளம் தட்ட வேண்டாம், தூக்கம் கெடுகிறது என்று அப்பார்ட்மென்ட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பேசப்போவது ஆயாதான். "தூக்கம் கெட்டா என்ன, கீழ எறங்கி வரச் சொல்லு. பாயாசம் வெச்சுத் தரேன்" என்கிறார்.