உருட்டும் புரட்டும்

எங்கள் நைனாவுக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தது எறும்பு. புழக்கடையில் தென்னை ஓரம் அவர் ஒதுங்குகிற இடத்தில் விடிந்தால் எறும்பு மொய்த்திருக்கும். அம்மா இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். இது பழைய சோதனைதான். நீரின் இனிப்பை வைத்துத்தான் நம் வைத்தியர்கள் இந்த நோய்க்கு மதுமேகம் என்று பேரே வைத்தார்கள்.

திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என்று பேர் இருந்தாலும் ஆலை இருப்பது எங்கள் திருவாலங்காட்டில். நைனா அதற்குப் பல வருஷம் கரும்பு அனுப்பியவர். "ஊருக்கெல்லாம் சக்கர அனுப்புனேன். மிச்சம் மீதி என் ரத்தத்துலயே தங்கிப்போச்சு" என்பார், யார் வந்து விசாரித்தாலும்.

மாத்திரையில் பத்து வருஷம் ஓடியது. பிறகு ஊசி. இன்சுலின் பாட்டிலும் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சும் வீட்டுக்கு வந்தன. கண் மங்கி, சிரிஞ்சில் உள்ள கோடுகள் அவருக்குத் தெரியாமல் போன பிறகு டாக்டர் இன்சுலின் பேனா எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் செருகினால் நிஜமாகவே பேனா மாதிரிதான் இருக்கும். பின்பக்கம் திருகினால் எண் ஏறும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு 'டிக்'. இந்தப் பேனா உலகத்துக்கு வந்தது 1985இல். இன்சுலினோ 1921இல் டொரண்டோவில் கண்டுபிடித்தது. மறு ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற பதினாலு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதைச் சொன்னபோது நைனா நம்பவில்லை. "அப்புறம் இன்னாத்துக்குடா கடையில இந்த வெல?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

அவருடைய பேனாவுக்குள் இருப்பது இரண்டு இன்சுலின். முப்பது பங்கு சட்டென்று வேலை செய்வது, எழுபது பங்கு மெதுவாகச் செய்வது. அந்த மெதுவானதை 1946இல் டென்மார்க்கில் ஹாகெடோர்ன் என்பவருடைய ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். மீனிலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தால் அது பொடிப் பொடியாக உறைந்து, உடம்பில் நிதானமாகக் கரையும். கரையாத பொடி என்பதால் பேனாவைச் சும்மா வைத்திருந்தால் சுண்ணாம்பு மாதிரி அடியில் தங்கிவிடும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அப்படியே போட்டால் ஒருநாள் நீர்த்தது போகும், இன்னொரு நாள் கெட்டி போகும். எண் என்னவோ இருபதுதான். உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

அதனால் ஊசி போடுமுன் பேனாவை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பத்துத் தடவை உருட்ட வேண்டும், மேலும் கீழுமாகப் பத்துத் தடவை புரட்ட வேண்டும். உள்ளே இருக்கும் சின்னக் குண்டு ஓடி ஓடிக் கலக்கிவிடும். பால் மாதிரி ஒரே வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. பாட்டிலைக் குலுக்குவது போலக் குலுக்கவும் கூடாது. நர்ஸம்மா இதைச் சொல்லிக் கொடுத்ததும் நைனா சிரித்துவிட்டார். "உருட்டுப் புரட்டு பண்றவன ஊருக்குள்ள சேக்கவே மாட்டோம். என்னியப் போயி தெனம் ரெண்டு வேள பண்ணச் சொல்றியேம்மா."

ஆனால் செய்தார். கார்த்திகைக்கு அம்மா விளக்குத் திரி திரிப்பாளே, அந்தக் கை அசைவுதான். அவர் செய்யாமல் விட்டது அடுத்த வேலை. புது ஊசியைத் திருகி, இரண்டு யூனிட் வைத்து, முனையை மேலே தூக்கி அழுத்தி, ஒரு சொட்டு வருகிறதா என்று பார்ப்பது. மருந்தை வீணாக்குவதாவது! காற்று இருந்தால் அந்த அளவுக்கு மருந்து குறையும் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நானே கணக்குப் போட்டுக் காட்டினேன். பேனாவில் 300 யூனிட். காலை இருபது, ராத்திரி பதினாலு, சோதனைச் சொட்டுக்கு நாலு, ஆக நாளைக்கு 38. எட்டு நாளைக்குக் கொஞ்சம் குறையும். சொட்டு விடாவிட்டால் கிட்டத்தட்ட ஒன்பது நாளைக்கு வரும். "ஒரு நாளு லாபம்" என்றார். கரும்புக்காரர்.

கரும்புக்காரர் என்பதால்தான் நேரக் கணக்கு மட்டும் எளிதாகப் புரிந்தது. அவர் போடுகிற வகையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். (சாப்பிட உட்காரும்போது போடுகிற வகையும் இருக்கிறது, பெட்டியைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டால் வம்பு.) காலையில் போட்டதன் எழுபது பங்கு மதியத்துக்குத்தான் உச்சிக்கு வரும். அப்போது வயிற்றில் சோறு இருக்க வேண்டும். நைனா இதைத் தன் பாஷையில் மாற்றிக்கொண்டார். கட்டிங் ஆர்டர் வந்து கரும்பை வெட்டிவிட்டால் அன்றைக்கே ஆலைக்குப் போக வேண்டும். டிராக்டர் இரண்டு நாள் வரிசையில் நின்றால் கரும்பு காய்ந்து எடையும் போகும், சர்க்கரைச் சத்தும் போகும். "ஊசி போட்டாச்சுன்னா வெட்டுனாப்பல. சோத்த லேட் பண்ணாத" என்று அம்மாவை விரட்டுவார். அரிசி உலை வைக்காமல் அவர் பேனாவைத் தொட்டதில்லை.

அப்படிப்பட்டவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வயிற்றைக் கலக்கினார். பேனா ஊசி தீர்ந்துபோயிருந்தது, கடை மூடியிருந்தது. அலமாரியில் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சு கிடந்தது. பேரனை விட்டுக் கோடு பார்க்கச் சொல்லி, பேனாவின் ரப்பரில் குத்தி 'இருபது' இழுத்துப் போட்டுக்கொண்டார். புத்திசாலித்தனம் என்றே நினைத்திருக்கிறார். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு அதற்கென்று கோடு போட்டது. பேனாவில் இருப்பது மில்லிக்கு 100. இருபதாம் கோடு என்றால் அரை மில்லி. அதாவது ஐம்பது யூனிட்.

நான் சென்னையிலிருந்து ரயில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். மாடு ஒன்றும் செய்யவில்லை. பனியன் நனைந்திருந்தது, விரல் நடுங்கியது. காரணமில்லாத கோபமும் சர்க்கரை இறங்குவதன் அடையாளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மிஷினில் பார்த்தால் 48. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி கழித்து 61. மறுபடி மூன்று ஸ்பூன். 84 வந்ததும் இட்லி. நினைவு இருந்ததால் குடிக்க முடிந்தது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108 ஆம்புலன்ஸ்தான். ஏறிவிட்டதே என்று நாங்கள் நிம்மதியாக உட்காரவும் முடியவில்லை. மெதுவான பங்கு இன்னும் பல மணி நேரம் உள்ளே வேலை பார்க்கும். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி. மணிக்கொரு தரம் விரலைக் குத்தினார்கள். விடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?"

சிவப்பு மூடிகளை அன்றே உடைத்துத் தூக்கிப்போட்டேன். பேனா ஊசியும் ஒரு தடவைக்கு ஒன்றுதான் என்று சட்டம் போட்டேன். அதுவரை வாரத்துக்கு ஒரே ஊசி. முனை மழுங்கி, ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தொப்புளுக்கு வலப்பக்கம் கொழுக்கட்டை மாதிரி ஒரு மேடு. வலிக்காது என்பதால் அவருக்கு அந்த இடம்தான் பிடிக்கும். அங்கே போட்ட மருந்து எப்போது ரத்தத்தில் சேரும் என்று சொல்ல முடியாது. இப்போது வயிறு, தொடை என்று மாற்றி மாற்றிப் போடுகிறார். அழுத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை உருவுவதில்லை. தீர்ந்த ஊசிகள் எருக்குழிக்குப் போகாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்கின்றன. அம்மாவுக்கும் இப்போது சர்க்கரை. ஒரே பேனா போதாதா, ஊசியைத்தானே மாற்றுகிறோம் என்று கேட்டாள். போதாது. ரத்தம் பேனாவுக்குள் ஏறி நிற்கக்கூடும்.

வெயில் தனிப் பாடு. கோடையில் வெப்பப் பட்டியலில் திருத்தணி பேர் வராத நாள் குறைவு. நாற்பது டிகிரி எங்களுக்குச் செய்தியே இல்லை. திறக்காத பேனா ஃபிரிட்ஜில், ஃப்ரீசர் பக்கம் போகாமல் இருக்கும். உறைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். பயன்பாட்டில் இருப்பதற்கு முப்பது டிகிரிக்குள் நிழல் வேண்டும். கரண்ட் போகும் நாட்களில் அம்மா அதைச் சின்ன டப்பாவில் போட்டு, ஈர மணல் வைத்த மண்பானைக்குள் இறக்கிவிடுவாள்.

சிவபெருமான் தலைக்கு மேல் காலைத் தூக்கி ஆடிய ரத்தின சபை எங்கள் ஊர். இந்த மண்ணில் காலால் நடக்க மாட்டேன் என்று காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த ஊர். அங்கே பிறந்து வளர்ந்த மனுஷர் உள்ளங்கால் மரத்துப்போய், கோவில் பிரகாரத்தின் சூடு தெரியாமல் கொப்புளத்தோடு வந்து நிற்கிறார். செருப்பைக் கழற்றாதே என்று கோவிலில் சொல்ல முடியுமா? வெயில் ஏறுமுன் போய்வரச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி படுக்குமுன் அம்மா டார்ச் அடித்துக் கால் பார்க்கிறாள்.

போன ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். அறுபது வருஷப் பழக்கம். டாக்டரிடம் கூட்டிப் போனேன். விரதம் இருந்து இந்த ஊசியையும் முழுதாகப் போடுவது நடக்காது என்றார் அவர். தானாகக் குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. இருந்தே ஆக வேண்டுமானால் முன்கூட்டியே வந்து அளவைக் கேட்டுப் போக வேண்டும். நைனா யோசித்தார். "முருகன் கோச்சிக்க மாட்டான், அவன் அண்ணனே கொழுக்கட்ட ஆளு" என்று இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

திருத்தணி மலையின் 365 படியைக் கீழே நின்று கும்பிட்டுவிட்டு வண்டிப் பாதையில் ஏறினோம். புஷ்பக் காவடிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் வரிசை. சட்டைப் பையில் அம்மா மடித்துக் கொடுத்த சர்க்கரைப் பொட்டலம். பதினோரு மணிக்கு நான் நீட்டிய பிஸ்கட்டை மறுக்காமல் தின்றார். தரிசனம் முடிந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது பையில் கைவிட்டவர் "ஸ்" என்று உதறினார். பொட்டலம் பிரிந்திருந்தது. விரல் முழுக்க எறும்பு.

"வந்துட்டாரு டாக்டரு" என்றார்.