சாவி யார் பாக்கெட்டில்?

பிப்ரவரி 17, திங்கள்

பவர் பிரஸ் பாடத்தின் புதுப் பதிப்பு சோதனைக்கு வந்தது. எங்கள் கம்பெனி தொழிற்சாலைகளுக்கு வி.ஆர். பயிற்சி தயாரித்துக் கொடுக்கிறது. தீயணைப்பு, உயரத்தில் வேலை, தொட்டிக்குள் இறங்குவது, மெஷினை நிறுத்திப் பூட்டுவது என்று பல பாடங்கள். சோதித்துப் பார்ப்பது என் வேலை. தொழிலாளிக்கு வரக்கூடிய தலைசுற்றல் எல்லாம் முதலில் எனக்கு வந்துவிடும். ஷெட்டுக்குள் நடந்துபோகும் காட்சியில், நடக்கிறாய் என்று கண் சொல்கிறது. நின்றுகொண்டுதானே இருக்கிறாய் என்று உள்காது சொல்கிறது. இரண்டுக்கும் நடக்கும் தகராறில் வயிறு புரட்டுகிறது. வினாடிக்கு 72 படங்கள் ஓடவேண்டிய இடத்தில் கொஞ்சம் குறைந்தாலும் அவ்வளவுதான். நடையை எடுத்துவிட்டு, கை காட்டிய இடத்தில் போய் நிற்கும்படி மாற்றச் சொல்லி எழுதினேன். டிராயரில் இஞ்சி மிட்டாய் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

கிளையண்டோடு கூட்டம். "கை மாட்டுற சீன் இன்னும் பயங்கரமா இருக்கணும். பார்த்தவன் தூங்கக்கூடாது" என்றார்கள். பயத்தைக் காட்டுவது சுலபம். தொழிலாளிக்கு வேண்டியது வரிசை: பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல், மெஷினை நிறுத்து, மின்சாரத்தைத் துண்டி, பூட்டுப் போட்டு டேக் மாட்டு, உள்ளே தேங்கியிருக்கும் காற்றழுத்தத்தை இறக்கு, மேலிருந்து இறங்கும் பாகமான ராமுக்கு அடியில் கட்டை கொடு, கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று உறுதிசெய். கரண்ட் போய்விட்டால் மெஷின் செத்துவிட்டது என்று நினைப்பதுதான் விரலை எடுக்கிறது. அவர்கள் கொடுத்த ஸ்கிரிப்டில் ரத்தத்துக்கு ஒரு பக்கம். காற்றழுத்தத்துக்கு ஒரு வரி.

பிப்ரவரி 23, ஞாயிறு

எட்வின் லிங்க் பற்றிப் படித்தேன். எங்கள் தொழிலுக்கு அவர்தான் பாட்டனார். அமெரிக்காவில் அப்பாவின் ஆர்கன் கம்பெனியில் வளர்ந்தவர். ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளை வைத்தே, ஆடி அசையும் போலி விமானம் ஒன்றை 1929இல் செய்து முடித்தார். ராணுவம் கண்டுகொள்ளவில்லை, கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934இல் தபால் விமானம் ஓட்டிய ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகே ராணுவம் ஆறு கருவிகள் வாங்கியது. பயிற்சிக்குக் காசு எப்போதும் சாவுக்குப் பின்னால்தான் வருகிறது. ஆனால் ஒன்று: போலி விமானத்தில் பழகிய மீட்டர்கள் நிஜ விமானத்திலும் இருந்தன.

பிப்ரவரி 27, வியாழன்

ஒரகடத்தில் ஒரு ஆலையில் முன்னோட்டம். வேர்வையில் ஹெட்செட்டின் நுரைப்பட்டை ஊறிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது. வயதான ஃபிட்டர் ஒருவர் நிதானமாக எல்லாம் செய்தார். பூட்டுப் போட்டார், டேக் மாட்டினார். 'வாழ்த்துகள்' என்று எழுத்து வந்த பிறகும் உள்ளங்கையை விரித்தபடியே நின்றார்.

"முடிஞ்சுதுண்ணே."

"எங்க மேடம் முடிஞ்சுது? சாவி எங்க?"

"அது தானா மறைஞ்சிடும்ண்ணே."

"மறைஞ்சா எப்படி? சாவி என் பாக்கெட்ல இருந்தாத்தான் நான் உள்ள கை விடுவேன். ஷிஃப்ட் மாறி வர்றவன் திறந்துட்டான்னா?"

ஸ்கிரிப்டில் சாவி என்ற பேச்சே இல்லை. ராத்திரியே டெவலப்பரிடம் சொல்லிச் சேர்க்கச் சொன்னேன். இடுப்புப் பக்கம் கை போனால் ஹெட்செட் கேமராவுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் சட்டைப் பாக்கெட் என்று முடிவானது. சாவி பாக்கெட்டுக்குள் விழாவிட்டால் இனி பாடம் நகராது.

மார்ச் 4, செவ்வாய்

தேசியப் பாதுகாப்பு நாள். 1966இல் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் தொடங்கிய தேதி. எங்களுக்குத் தீபாவளி சீசன். எல்லா ஆலைகளும் இந்த வாரத்தில்தான் கூப்பிடுகின்றன. அதே ஆலையின் கேன்டீன் வாசலில் ஸ்டால். ரிப்பன் வெட்டு, உறுதிமொழி, செல்ஃபி. ஒப்பந்தத் தொழிலாளி ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, ஒரு படியும் தவறாமல் முடித்தான். ஹெட்செட்டைக் கழற்றியதும் கேட்டான்: "அக்கா, இந்தச் சிவப்புப் பூட்டு எங்க வாங்கிக்கணும்?"

விசாரித்தேன். மெயின்டனன்ஸ் அறை அலமாரியில் கொஞ்சம் பூட்டுகள் இருக்கின்றன. சாவிகள் எல்லாம் சூப்பர்வைசரின் இடுப்பில், ஒரே கொத்தில். ஒப்பந்த ஆட்களுக்குப் பூட்டே கிடையாது.

மார்ச் 6, வியாழன்

அறிக்கை எழுதினேன். மதிப்பெண்கள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு மேலே, முதல் வரியாக, 'மெஷினில் கை வைக்கும் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு, சொந்தச் சாவி வேண்டும்' என்று போட்டேன். சேல்ஸில் முகம் சுளித்தார்கள். "நாம பயிற்சி விக்கிறோம், பூட்டு விக்கல." ஒரு ஹெட்செட் விலைக்கு ஒரு பெட்டி நிறையப் பூட்டு வாங்கலாமே என்றேன். டீம் லீட் அந்த வரியை எடுக்கவில்லை; அட்டவணைக்குக் கீழே இறக்கிவிட்டார். அதுவரைக்கும் சரி. கையில் பூட்டே இல்லாதவனுக்கு நூற்றுக்கு நூறு போட்டுக் கொடுத்தால், நாங்கள் அவனுக்குக் கொடுப்பது அசட்டுத் துணிச்சல்தான்.

நாளை ஓசூரில் டெமோ. ஹெட்செட் பெட்டியோடு நிஜப் பூட்டு, டேக், பலர் பூட்டுப் போடும் கொக்கி என்று ஒரு செட்டும் வண்டியில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். முதலில் அதைக் கையில் கொடுத்து, இது உங்கள் ஆலையில் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஹெட்செட்டை மாட்டுவதாக இருக்கிறேன்.