ஒன்றரை லிட்டர்

காலையில் எழுந்ததும் எனக்கு இரண்டு வேலைகள். முதலில் என் கணவரை எடைக் கருவியில் நிற்கவைத்து எண்ணை நோட்டில் குறித்துக்கொள்வேன். பிறகு ஒன்றரை லிட்டர் தண்ணீரை அளந்து இரண்டு பாட்டில்களில் ஊற்றிச் சாப்பாட்டு மேசையில் வைப்பேன். அன்றைக்கு அவருக்கு அவ்வளவுதான். காபி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரவேண்டும். ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துவிடுவேன். இதயம் இறைக்கும் பலம் குறைந்துவிட்டது, அதிகம் குடித்தால் காலிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது.

பாட்டில்கள் புதியவை அல்ல. பாலைவன மலைகளில் ஒரு நெடும்பாதையில் நடந்தபோது நாங்கள் சுமந்தவை. ஒல்லியான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்திருப்பார்கள். அதன் வாயில் ஃபில்டரை நேராகத் திருகிவிடலாம். பக்கவாட்டில் கால் லிட்டருக்கு ஒரு கோடு, கறுப்பு மார்க்கரால் நான் போட்டது. கோடுகள் பாதி அழிந்துவிட்டாலும் கண்ணுக்குப் பழகிவிட்டதால் அளவு தப்புவதில்லை.

அந்தப் பாதை, பசிஃபிக் கிரெஸ்ட் ட்ரெயில், அமெரிக்காவில் மெக்ஸிகோ எல்லையில் தொடங்கிக் கனடா எல்லைவரை போகிறது. ஏறக்குறைய 4,265 கிலோமீட்டர். நாங்கள் நடந்தது அதன் முதல் பகுதி மட்டும். காம்ப்போ என்ற சிற்றூரின் அருகில் எல்லை வேலியை ஒட்டி நிற்கும் மரத் தூண்களிலிருந்து கென்னடி மெடோஸ்வரை, 1,130 கிலோமீட்டர் சொச்சம். பாலைவனம் என்றால் மணல் மேடு என்று நினைத்திருந்தேன். இங்கே மலை மேல் மலை. லகூனா, சான் ஹசிந்தோ, சான் பெர்னார்டினோ, சான் கேப்ரியல், தெஹாச்சப்பி என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும். உச்சியில் பைன் மரமும் பழைய பனியும் இருக்கும். அடிவாரத்தில் கள்ளியும் கிலுகிலுப்பைப் பாம்பும். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

சான் ஹசிந்தோவிலிருந்து இறங்கிய நாள் அப்படித்தான். காலையில் விரல் மரத்துப்போகும் குளிர். ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் 1,800 மீட்டர் இறக்கம். கீழே ரயிலும் நெடுஞ்சாலையும் காற்றாலைகளும் காலையிலிருந்தே தெரிகின்றன, மாலைவரை கிட்டே வருவதில்லை. மலையடியில் பாறை ஓரமாக ஒரு குழாய். அவர் குழாயைத் திறந்து முதலில் தன் தொப்பியை நனைத்து என் தலையில் வைத்தார். இன்றைக்கும் சமையலறைக் குழாயின் சத்தம் கேட்டால் எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வருகிறது.

உப்பும் அப்படித்தான். வெயிலில் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் உடம்பின் உப்பு குறைந்து தலை கிறுகிறுக்கும். அதற்காகவே எலுமிச்சை ஊறுகாயைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போயிருந்தேன். மதிய வெயிலுக்கு ஏதாவது ஒரு பாறை நிழலில் ஒதுங்குவோம். அவலைத் தண்ணீரில் ஊறவைத்து, புளிக்காய்ச்சலைப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொள்வோம். அடுப்பு பற்றவைக்க வேண்டாம், தண்ணீரும் மிச்சம். கடைசியில் பொட்டலத்தை அவர் விரலால் வழித்து நக்குவார். இப்போது அவருக்கு உப்பும் கிடையாது. ஊறுகாய் ஜாடியை நான் வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

அந்த மலைகளில் தண்ணீர்க் கணக்கு எளிமையானது. எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. குடித்தால் பாரம் குறையும், குடித்துவிட்டால் தண்ணீர் இருக்காது. முதுகில் இருப்பது சுமையா உயிரா என்று நாள் முழுதும் மனம் மாறிக்கொண்டே இருக்கும்.

காம்ப்போவிலிருந்து ஆறாம் நாளோ ஏழாம் நாளோ சிஸர்ஸ் கிராஸிங் வந்து சேர்ந்தோம். இரண்டு சாலைகள் வெட்டிக்கொள்ளும் வெட்டவெளி. அங்கிருந்து சான் ஃபெலிப்பே குன்றுகள் வழியாக பேரல் ஸ்பிரிங்வரை 38 கிலோமீட்டர் இயற்கைத் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு ஆறு லிட்டர் எடுத்தோம். நடுவே மூன்றாவது கேட் என்று ஓர் இடம். தன்னார்வலர்கள் கீழே இருந்து தண்ணீரைச் சுமந்து வந்து அங்கே வைப்பார்கள். பாலைவனத்தின் தண்ணீர்ப் பந்தல் என்று நான் சொல்வேன். ஆனால் அதை நம்பிக் கிளம்பாதே, இருந்தால் அது கொடை என்பதுதான் பாதையில் எல்லாரும் சொல்லித்தரும் முதல் பாடம்.

ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஒக்கட்டியோ செடிகள் சிவப்பாகப் பூத்திருந்தன. முள் கொம்புகளின் நுனியில் மட்டும் நெருப்பு வைத்ததுபோல. அவர் வளைவைத் தாண்டி முன்னே போயிருந்தார். தோள்பட்டை வார் அறுத்துக்கொண்டிருந்தது. மேலேதான் தண்ணீர் இருக்கிறதே என்று நினைத்தேன். ஒரு பாட்டிலைத் திறந்து ஒக்கட்டியோவின் அடியில் கவிழ்த்துவிட்டேன். ஒரு லிட்டரும் மண்ணுக்குள் போனபோது வந்த சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. பக்கத்து வளைவில் அவர் காத்திருந்தார். ஒன்றும் நடக்காததுபோலப் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

இதை எழுதும்போது ஒரு கால்வாய் குறுக்கே வருகிறது. அது நாலு வாரத்துக்குப் பிற்பாடு, மொஹாவி பாலைவனத்தின் மேற்கு மூலையில். ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோக 1913இல் கட்டி முடித்த கால்வாய். ஏறக்குறைய 375 கிலோமீட்டர். எந்த இடத்திலும் பம்ப் இல்லை, சரிவில் தானாகவே ஓடுகிறது. அந்தத் தண்ணீரை இழந்த ஓவன்ஸ் ஏரி 1920களில் வற்றிப் புழுதிக் காடானது. பாதை அந்தக் கால்வாயை ஒட்டியும் அதன் கான்கிரீட் மூடியின் மேலும் ஒரு நாள் முழுக்கப் போகிறது. நிழல் இல்லாததால் எல்லாரையும் போல நாங்களும் இரவில் நடந்தோம். ஜோஷுவா மரங்கள் கை தூக்கிய ஆட்கள்போல நின்றன. தொலைவில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைந்தன. கால் அடியில் ஒரு நகரத்துக்கே போதுமான தண்ணீர். எங்கள் பாட்டிலில் அரை லிட்டர். அவர் கான்கிரீட்டில் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "கேக்குதா?" என்றேன். "நீயும் வந்து கேளு" என்றார். நான் குனியவில்லை. ஊரார் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஏரியைக் காயவிட்டது நியாயம் என்று என்னால் அன்றும் நினைக்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. ஆனால் அந்த இரவில் குனியாமல் இருந்ததற்கு நியாயம் மட்டும் காரணம் இல்லை. கவிழ்த்த அந்த ஒரு லிட்டர் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த லிட்டரைக் கவிழ்த்த நாளில் மூன்றாவது கேட்டில் தண்ணீர் இல்லை. காலி கேன்கள் கயிற்றில் கோத்துக் கட்டிக் கிடந்தன. யாரையும் குறை சொல்ல முடியாது. கொடுக்கிறவர்கள் நமக்குக் கடன்பட்டவர்களா என்ன? என்னிடம் ஒரு லிட்டர்கூட இல்லை. பேரல் ஸ்பிரிங் இன்னும் 16 கிலோமீட்டர். அவர் என் முகத்தைப் பார்த்தார், பையை இறக்கினார். உள்ளிருந்து மூன்று முழுப் பாட்டில்களை எடுத்து இரண்டை என் பக்கம் வைத்தார். அவ்வளவு நேரம் அந்த வெயிலில் அவர் எப்படி இவ்வளவு குறைவாகக் குடித்தார் என்று கேட்கும் தெம்புகூட எனக்கு இல்லை. "வெயில் இறங்கட்டும், ராத்திரி நடக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

விடிவதற்கு முன் பேரல் ஸ்பிரிங். ஓக் மரங்களுக்கு அடியில் ஒரு குழாய் வழியாக ஊற்றுத் தண்ணீர் கான்கிரீட் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஃபில்டர் மாட்டிய பாட்டிலைப் பிழிந்து பிழிந்து குடித்தோம். வயிறு நிறைந்த பிறகு அழுகை வந்தது. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும். நான் திரும்பிப் பாத்தேன்" என்றார்.

"பாத்துட்டு ஏங்க ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா தண்ணி திரும்பி வருமா? அப்ப இருந்தே நான் கொறைச்சுக்கிட்டேன்."

முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் என்மேல் கோபப்பட்ட நாட்கள் உண்டு. கோபப்பட வேண்டிய அந்த ஒரு நாளில் அவர் செய்தது இது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணி இருக்கும். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம். சத்தம் கேட்காமல் இருக்க மெல்லத் திறக்கிறார். ஆனாலும் எனக்குக் கேட்டது. ஒரு டம்ளர். சற்று இடைவெளி. இன்னொரு டம்ளர். வந்து படுத்தார். நான் தூங்குவதுபோல இருந்தேன். தாகம் என்றால் என்னவென்று அந்த மலைகளில் கற்றுக்கொண்டவள் எழுந்து போய் அவர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கவா?

மறுநாள் காலை எடை ஒரு கிலோ கூடியிருந்தது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. எண்ணை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இருவரும் பேசவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். நீர் மாத்திரையை மூன்று நாளைக்குக் கூட்டச் சொன்னார். அன்றிலிருந்து இரவு படுக்கும்போது அவர் பக்கத்து மேசையில் ஒரு கிண்ணத்தில் ஐஸ் துண்டுகள் வைக்கிறேன். ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டால் தொண்டை ஆறும். அது எத்தனை மில்லி என்று அளந்து, காலையில் பாட்டிலில் அந்த அளவைக் குறைத்து ஊற்றுகிறேன். கோடு எங்கே நிற்கிறது என்று அவர் பார்க்கிறார். ஏன் என்று கேட்பதில்லை.

நேற்று இரவு குழாய்ச் சத்தம் இல்லை. இன்று காலை எடை 68.4 கிலோ. நேற்றைவிட 300 கிராம் குறைவு.