ஈரம்

தமிழ் பயிலும் மாணவன் இரசாயனச் சாலைக்குள் புகுவானேன் என்று இதனைப் படிக்கும் அன்பர்கள் வினவக்கூடும். என் தந்தையார் எம் ஊரையடுத்த கல்லூரியொன்றில் இரசாயனச் சாலைப் பணியாளர். குப்பிகளைக் கழுவுதலும் கரைப்பான்களை வடித்துத் தூய்மை செய்தலும் அவர்தம் தொழில். அவர் அருகில் நின்று யான் கண்டவற்றுள் ஒன்று இன்றளவும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

கரைப்பானில் சிறிது நீர் இருத்தலால் வரும் கேடு யாது? 1900-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் விக்டர் கிரினியார் மக்னீசியத்தைக் கொண்டு புதியதொரு வினைப்பொருளை ஆக்கும் முறையை வெளியிட்டார். அதன்பொருட்டு 1912-இல் நோபல் பரிசும் பெற்றார். அப்பொருள் ஈதரில் தோன்றுவது. ஈதரில் நீர் கலந்திருப்பின் அது தோன்றுதல் அரிது; தோன்றினும் நீர் பட்ட அளவில் அழிந்தொழியும். கண்ணுக்குத் தெளிந்து தோன்றும் யாவும் தூயன அல்ல என்பது இதனாற் பெறப்படும்.

காய்ச்சி வடித்தால் நீர் நீங்காதோ எனின், முற்றும் நீங்காது. ஆல்கஹாலை எத்துணை முறை வடிப்பினும், எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 95.6 பங்கு என்னும் எல்லையில் அது நின்றுவிடும். அந்நிலையில் இரண்டும் 78.2 பாகை வெப்பத்தில் ஒருங்கே கொதித்து ஒருங்கே ஆவியாகும். ஆகவே தந்தையார் சுட்ட சுண்ணாம்பைத் துணைக்கொள்வார். சுவருக்கு வெள்ளையடிக்க நாம் நீரூற்றி நீற்றும் அதே சுண்ணாம்புதான்! லிட்டருக்குக் கால் கிலோ என்னும் அளவில் அதனை இட்டு, ஆவி மேலேறிக் குளிர்ந்து மீண்டும் குடுவைக்குள்ளேயே விழுமாறு ஆறு மணி நேரம் காய்ச்சி, ஓரிரவு வைத்திருந்து வடிப்பார். நீரைச் சுண்ணாம்பு பற்றிக்கொள்ள, ஏறக்குறைய 99.5 பங்கு தூய்மையுள்ள ஆல்கஹால் கிடைக்கும்.

எல்லாவற்றிற்கும் ஒரே மருந்து ஆகாது. கால்சியம் குளோரைடு ஈதருக்கு ஏற்றது; ஆல்கஹாலோடு அதுவே சேர்ந்துகொள்ளும். சோடியம் ஈதரை நன்கு உலர்த்தும். குளோரோபாரத்தோடு கூடினாலோ வெடிக்கும். "இன்னதற்கு இன்னது என்று அறியாதவன் குப்பியைத் தொடலாகாது" என்பார் தந்தையார்.

மூன்று ஆண்டுகட்கு முன், கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்குச் சில நாள் இருக்கையில், மழை விடாது பெய்த ஒரு மாலைப்பொழுது. ஆராய்ச்சி மாணவர் ஒருவர்க்காகத் தந்தையார் ஆல்கஹால் வடித்துக்கொண்டிருந்தார். தாயார்க்கு மருந்து வாங்கவேண்டியிருந்தது. "தம்பி, வடிந்து முடிந்ததும் அடுப்பை நிறுத்திக் குப்பியை உடனே மூடு. இந்த மழைக்காற்று முழுவதும் நீர்தான்" என்று கூறிச் சென்றார். யான் கதைப்புத்தகத்தில் ஆழ்ந்திருந்தேன். அடுப்பை நிறுத்தினேன், வாயகன்ற அக்குப்பியை மூட மறந்தேன். அவர் திரும்பி வந்து வாயிலில் நின்றபடியே, "மூடினாயா?" என்று வினவ, "மூடிவிட்டேன், அப்பா" என்றேன்.

மறுநாட் காலையில் குப்பி திறந்தே கிடந்தது. தந்தையார் என்னை நோக்கினார், ஒன்றும் கூறவில்லை. நீர் அகற்றிய மயில்துத்தம் வெண்மையாயிருக்கும்; நீர் சேரின் நீலமாகும். அதில் ஒரு சிட்டிகை எடுத்துச் சிறிது ஆல்கஹாலில் இட்டார். அது நீலமாயிற்று. காத்திருந்த மாணவர் வருந்தினார். ஆசிரியர் பலர் முன்னிலையில் தந்தையாரைக் கடிந்துகொண்டார். "என் கவனக்குறைவு, ஐயா" என்று மட்டும் அவர் விடையிறுத்தார். கதவோரம் நின்ற யான் வாய் திறந்தேனில்லை. அன்றே புதிய சுண்ணாம்பை இட்டு அவர் மீண்டும் காய்ச்சத் தொடங்கினார்.

இப்போது அவர் மூலக்கூற்றுச் சல்லடை என்னும் மணிகளைப் பயன்படுத்துகிறார். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடி கூறாக்கினால், மூன்று கூறு அளவினவே அவற்றின் துளைகள். நீர் அவற்றுள் நுழைந்து தங்கும், ஆல்கஹால் நுழையாது. ஏறக்குறைய 300 பாகையில் சுட்டால் அவை மீண்டும் உதவும். 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டெட்ராஹைட்ரோபியூரான் என்னும் கரைப்பானில் சோடியமுறை பத்து இலட்சத்தில் 40 பங்குக்கு மேல் நீரை எஞ்சவிட, இம்மணிகளோ பத்துக்கும் குறைவாக்கின. பலரும் பெரிதென்று நம்பிய முறையை எளிய மணிகள் வென்றன.

சென்ற விடுமுறையில் அம்மணிகளை அவர் குப்பியில் இட்டுக்கொண்டிருக்கையில், அன்று யான் கூறிய பொய்யை வெளியிட்டேன். அவர் தலை நிமிராமலே, "தெரியும் தம்பி" என்றார். பின்பு குப்பியை என் கையில் தந்து, "மூடியை இறுக்கு" என்றார். யான் இறுக்கினேன். அவர் அதனைச் சோதித்துப் பார்க்கவில்லை.

நம் மொழியில் ஈரம் என்பதற்கு நீர்ப்பசை என்பது ஒரு பொருள். அன்பு என்பது மற்றொரு பொருள். முன்னதைப் போக்குதலையே நாள்தோறும் தொழிலாகக்கொண்ட ஒருவரிடம் பின்னதை யான் கற்றேன்.