காரில் விட்டுப்போகும் பைகள்

நிறுத்திய காரில் எதையும் கண்ணில் படும்படி விடாதீர்கள் என்பது லண்டனில் பொலிஸ் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. வழிகாட்டிக் கருவியைக் கழற்றினால் போதாது, அது கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்டத் தடத்தையும் துடையுங்கள் என்பார்கள். தடத்தைக் கண்டால் கருவி உள்ளேதான் இருக்கும் என்று கள்ளன் நினைப்பானாம். நல்ல அறிவுரைதான். ஆனால் அது முழுக்கக் கள்ளனின் கணக்கு: எதை விற்றால் காசு வரும் என்பது. வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் சனம் காரில் விட்டுப்போவதோ பலவிதம்.

ஓகஸ்டில் சப்பல் றோட்டுக் கனகதுர்க்கை அம்மனுக்குத் தேர். ஆயிரக்கணக்கில் சனம் வரும். பக்கத்துத் தெருக்களில் கார் விட இடம் கிடைத்தாலே அம்மன் அருள். கூட்டத்தில் சங்கிலியை அறுத்துவிடுவார்கள் என்று பயந்து, முன்சீற்றில் இருந்தபடியே அதைக் கழற்றிக் குளோவ் பொக்ஸில் வைக்கும் பெண்களைக் கண்டிருக்கிறேன். நான் கண்டால் வேறு எவரும் காணலாம்தானே. கார்க் காப்புறுதியை நம்பவும் முடியாது. உள்ளே இருந்த சாமான்களுக்கு அவர்கள் தருவது பெரும்பாலும் சில நூறு பவுண். காசும் ஆவணங்களும் அனேகமாக அதில் சேராது.

கள்ளன் வராமலே பறிபோவதும் உண்டு. 2022 யூலை 19 அன்று இங்கிருந்து சில மைல் தள்ளியிருக்கும் ஹீத்ரோவில் வெப்பம் 40.2 பாகை. பூட்டிய காருக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். பாவனையில் உள்ள இன்சுலினைப் பொதுவாக 25, 30 பாகைக்கு மேல் வைக்கக்கூடாது. வெக்கையில் கெட்டாலும் பார்வைக்கு அது முன்போலவே இருக்கலாம். நீரிழிவு இல்லாத வீடு எங்களில் எத்தனை?

என் தொழிலில் மடிக்கணினியைக் காரில் விடுவது பெருங்குற்றம். ஆனாலும் அது தொலைந்தால் வரும் நட்டம் சின்னது. வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், நாலு படிவம் நிரப்பினால் புதியது வந்துவிடும்.

சித்தப்பாவின் பைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. சில வருடங்களுக்கு முன், தேரன்று, பின்சீற்றில் ஒரு பழைய கறுப்புப் பையை வைத்துவிட்டுக் கோயிலுக்கு வந்தார். கோயில் முடிய ஹரோவுக்குப் போய் அக்காவிடம் காட்டி, ஊர்க் காணிக்கு அற்றோர்னித் தத்துவம் எழுதுவது பற்றிக் கதைப்பதாக இருந்தது. திரும்பி வந்தபோது கண்ணாடி நொறுங்கிச் சீற்றெல்லாம் சிதறிக் கிடந்தது. உள்ளே இருந்தது அரியாலையில் நாலு பரப்புக் காணியின் உறுதி. கள்ளனுக்கு அதில் ஒரு பென்ஸும் பெறாது. எங்கேயோ எறிந்திருப்பான் என்று, சித்தப்பா இரண்டு கிழமை பின்னொழுங்கைகளில் வேலிச் செடிகளையும் குப்பைத் தொட்டிகளையும் பார்த்தபடி திரிந்தார்.

உறுதி தொலைந்தால் காணி தொலையாது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். அங்கே விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். எங்களுக்கும் கிடைத்தது. எல்லைகள், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் எல்லாம் சரியாக இருந்தன.

தொலைந்த பிரதியின் பின்பக்கத்தில் அப்பாச்சி பென்சிலால் எழுதி வைத்திருந்தா: எந்த மூலையில் எந்த மரம், யார் நட்டது, எந்தத் தென்னை எந்தப் பிள்ளை பிறந்த வருடம். சித்தப்பாவுக்குரியது கிணற்றடித் தென்னை. அப்பாவுக்குரியது எது என்று இப்போது சொல்ல ஆளில்லை. பதிவகத்துக்கு அந்தப் பக்கம் தெரியாது.

அதற்குப் பிறகு உறவுக்காரர் வீடுகளுக்குப் போனால் பழைய கடதாசிகளை ஸ்கேன் செய்து கொடுக்கிறேன், இரண்டு பக்கமும். "பின்னால ஒண்டுமில்லையே தம்பி" என்பார்கள். போன மாதம் ஒரு மாமியின் உறுதிக்குப் பின்னால் பால் கணக்கு இருந்தது. பசுவின் பெயர் லெட்சுமி.