எத்தனாவது பக்கம்?

பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தை வாசற்படி ஏறியதும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனாவது பாடம் நடத்தினாங்க?" என்பதுதான். பையை வாங்கி நோட்டைப் புரட்டுவோம். பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் டீச்சர் கெட்டிக்காரி. மீனும் பூவும் வரைந்து கலர் அடித்திருந்தாலோ, "இதுக்கா பள்ளிக்கூடம் அனுப்பறோம்?" என்று அங்கலாய்ப்பு! எங்கள் அனுப்பம்பட்டில் ரயிலடியிலும் குழாயடியிலும் தாய்மார்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் இந்தப் பக்கக் கணக்குத்தான் அதிகம். ஆரம்பப் பள்ளியில் வேறொரு கணக்கும் உண்டு. அது நோட்டில் தெரியாது.

நாம் படித்த காலத்தில் டீச்சர் பத்தாம் பக்கத்தில் இருந்தால் வகுப்பே பத்தாம் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்ட பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போகும்; அப்புறம் படிப்பையே விட்டுவிடும். இதை மாற்றிப் பார்க்கலாம் என்று 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்தில் உள்ள ரிஷி வேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்து வந்து செய்தது அது. 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, சுவரில் ஓர் ஏணிப் படத்தை மாட்டினார்கள். பிள்ளை தானே போய்த் தன் படியைப் பார்த்து, தன் அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் உட்காரும். எழுத்துகளிலும் கோணல் குறைவான 'ட', 'ப' போன்றவைதான் முதலில். யோசித்துப் பாருங்கள், 'ட' என்பது ஒரு நேர்க்கோடு, ஒரு படுக்கைக்கோடு, அவ்வளவுதான். பிஞ்சு விரலுக்கு 'இ' போடுவது லேசான காரியமா? சுவரோரம் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்ததும் அப்போதுதான். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது அந்தத் தாழ்ந்த பலகைதான்!

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தைகள் 2022 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்து நின்றார்கள். ஒன்றாம் வகுப்பு வீட்டிலேயே போயிற்று. இரண்டாம் வகுப்பிலும் பாதிதான் கிடைத்தது. இவர்கள் கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?

அதற்காக வந்ததுதான் 'எண்ணும் எழுத்தும்'. 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தது நம் திருவள்ளூர் மாவட்டத்தில், புழலை அடுத்த அழிஞ்சிவாக்கம் பள்ளியில். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையில்லாமல் படிக்க வேண்டும், எழுத வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும், அதுவும் 2025க்குள் என்பது இலக்கு. ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, மறு வருஷம் நான்கு, ஐந்துக்கும் வந்தது. ஆண்டுப் பாடத்தை மூன்று பருவமாகப் பிரித்து, ஒவ்வொரு பருவத்துக்கும் ஆசிரியர் கையேடும் பிள்ளைகளுக்குப் பயிற்சி நூலும் கொடுத்தார்கள். முதலில் ஒரு சோதனை. அதில் வகுப்புக்குரிய நிலைக்கு வந்துவிட்டவர்கள் 'மலர்', எழுத்திலிருந்தே தொடங்க வேண்டியவர்கள் 'அரும்பு', நடுவில் 'மொட்டு'. பாட்டும் கதையும் எல்லாருக்கும் பொது. அது முடிந்ததும் பயிற்சி நூலில் அவரவர் நிலைக்கு உரிய பக்கம். ஒரே வகுப்பில் மூன்று பிள்ளைகள் மூன்று பக்கத்தில் இருந்தால் அது டீச்சரின் கவனக்குறைவு அல்ல, திட்டமே அதுதான்.

இந்த அரும்பு எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வழக்கைக் கொண்டு வந்தது. பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ஒரு ஸ்டேஷன் ரயில் என்று கூடையோடு வரும் மீன்காரம்மா, அன்று இறாலைத் தராசில் போடும்போதே கண் கலங்கிவிட்டாள்.

"இன்னாக்கா சொல்றது, மூணாவது படிக்கிறான், அவன அரும்புன்னு எழுதி வச்சிருக்காங்க. என் ஓரகத்தி புள்ள ரெண்டாவதுதான், அது மொட்டாம்! மூக்குத்திய வச்சாவது ஒங்க ஊரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போட்டுடறேன். ஒங்க வூட்லயே தங்கட்டுமா?"

தங்குவதில் எனக்கு ஒன்றும் சிரமமில்லை. ஆனால் எட்டு வயசுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, தமிழே படிக்கத் தெரியாதவனை இங்கிலீஷ் புத்தகத்தின் முன் உட்கார வைப்பதா? "மொதல்ல நீ போய் டீச்சரப் பாரும்மா. எத்தனை பாடம் முடிஞ்சுதுன்னு கேக்காதே. எம் புள்ளைக்கு என்ன வருது, என்ன வரலைன்னு கேளு" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். "தமிழ்லதான் அரும்பாம். கணக்குல மலராங்கா!" முகத்தில் பாதி சிரிப்பு, பாதி ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமில்லை. நண்டை ரகம் பிரித்து எண்ணிப் போடுகிறவன் அவன். அந்த ஏரியில் சில குப்பங்களுக்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அப்பாவின் முறை எத்தனை நாள் கழித்து வரும் என்று விரல் விட்டுக் கணக்குப் போடுகிற பிள்ளைக்குக் கூட்டல், கழித்தல் எப்படி வராமல் போகும்? அவனுக்கு இல்லாமல் போனது எழுத்துதான். அது கொரோனாவில் போனது, அவன் புத்தியில் குறையில்லை. டீச்சரும் அதைத்தான் சொன்னாராம். கூடவே, முறை வரும் நாளில் பையனைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவதால் பள்ளிக்கு மட்டம் விழுகிறது என்றும் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மட்டும் மீன்காரம்மா பதில் சொல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

திட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மதிப்பெண்ணைச் செல்போனில் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் வருத்தப்பட்டதுண்டு, நியாயம்தான். மூன்று வகுப்புக்கும் ஒரே டீச்சர் என்றால் அவர் எந்த அரும்பைத்தான் கவனிப்பார்? இன்னொன்று, பூவின் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் கீழே என்பது பிள்ளைகளுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடுகிறது. பள்ளியில் அதைத் தடுப்பது கஷ்டம். வீட்டில் முடியும். "ஏய் அரும்பு!" என்று அண்ணன் கேலி செய்தால் அப்பொழுதே அதட்டிவிடுங்கள்.

எழுத்து வருவதற்குத் தனி டியூஷன் வேண்டாம். தீப்பெட்டி, சோப்பு உறை, பஸ் போர்டு எல்லாம் பாடப் புத்தகம்தான். மீன்காரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால், "நீ படி, நான் கேக்கறேன்" என்று மட்டும் சொல்லச் சொன்னேன். தாய்க்குத் தெரியாததைத் தான் சொல்லித் தருகிறோம் என்றால் பிள்ளைக்கு என்ன குஷி! பொங்கலுக்கு முன்பே பொன்னேரி பஸ்ஸை போர்டு பார்த்து நிறுத்தினானாம்.

புதிய பருவம் ஜூன், அக்டோபர், ஜனவரியில் தொடங்கும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பருவம் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் அரை மணி ஒதுக்கிப் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி நூலை வாங்கிப் பாருங்கள். உங்கள் குழந்தை எந்தப் பக்கம் செய்கிறது, ஏன் அந்தப் பக்கம் என்று டீச்சரே காட்டித் தருவார்.